நூறு வெள்ளிக்கு மாதம் எவ்வளவு?



ஜெராய் மலையின் அடிவாரத்தில் தொடங்கிக் கடற்கரை வரை பரந்து கிடக்கும் யான் வட்டாரத்தில் கடனுக்கு ஒரு பருவம் உண்டு. நெல் அறுத்துப் பணம் கைக்கு வரும்போது கடையில் பழைய பற்று தீரும். நாற்று நட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்களில் புதிய பற்று ஏறும். இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

அந்தக் காலத்தில் கெடா நெல் விவசாயிகளிடையே ‘பாடி குஞ்சா’ என்றொரு முறை இருந்தது. பஞ்ச மாதத்தில் அரிசிக்கும் மளிகைக்கும் வழியில்லாத விவசாயி கடைக்காரரிடம் பணமோ பொருளோ வாங்கிக்கொள்வார். அதற்கு ஈடாக, அறுவடையின்போது இத்தனை குஞ்சா நெல் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார். ஒரு குஞ்சா என்பது 160 கந்தாங். வட்டி என்ற சொல்லே அந்தப் பேச்சில் வராது. ஆனால் அந்த நெல்லுக்குப் போடப்பட்ட விலை சந்தை விலையை விட மிகக் குறைவாக இருக்கும். வட்டி விலைக்குள் ஒளிந்திருந்தது. நெல் விளைந்தது ஒருவர் வயலில், இலாபம் சேர்ந்தது இன்னொருவர் கடையில்.

தோட்டத்துத் தமிழர்களின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்த தொடக்க காலத்தில் கப்பல் செலவும் வழிச்செலவும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. பால்மரத்தைத் தொடும் முன்பே அவர் கடன்காரர். 1907-ஆம் ஆண்டு தமிழர் குடிபெயர்வு நிதி ஏற்பட்டு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் பயணச் செலவு கட்டப்பட்ட பிறகுதான் அந்தப் பயணக் கடன் ஒழியத் தொடங்கியது. ஆனால் கடைப் பற்று ஒழியவில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மாதம் முழுதும் உழைத்து, சம்பள நாளன்று கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய தாத்தா பாட்டிகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்று பலர் லயத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். யானிலும் குருணிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலை, கடை, பாதுகாவலர் வேலை என்று பிழைப்பு மாறிவிட்டது. தோட்டத்தில் இல்லாத வீட்டு வாடகை, தண்ணீர், மின்சாரம், மோட்டார் சைக்கிள் தவணை ஆகியவை புதிதாகச் சேர்ந்துகொண்டன. கடைக்காரரின் பற்றுப் புத்தகம் போய்க் கைப்பேசிச் செயலி வந்திருக்கிறது. ஆனால் பாடி குஞ்சாவில் விலைக்குள் வட்டி ஒளிந்திருந்த தந்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைய உரையின் மையக் கருத்து அதுதான். குறைந்த வருமானக் குடும்பத்தைக் கவிழ்ப்பது கடன் மட்டும் அல்ல, விலை தெரியாமல் வாங்கும் கடன்.

சந்தையில் மீன் வாங்கும்போது கிலோ என்ன விலை என்று கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. பணம் கடன் வாங்கும்போது மட்டும் ‘எவ்வளவு கிடைக்கும்? எப்போது கிடைக்கும்?’ என்ற இரண்டு கேள்விகளோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு மூன்று. ஒன்று, நூறு வெள்ளிக்கு மாதம் எவ்வளவு? இரண்டு, கையெழுத்துப் போடும் தொகையில் கைக்கு வருவது எவ்வளவு? மூன்று, கட்ட முடியாமல் போனால் எதை இழக்க வேண்டும்?

இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடித்தது போகக் கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி. இந்தச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குத் திடீரென்று ஆயிரம் வெள்ளி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அல்லது மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டது.

முதல் வழி, அடகுக் கடை. 1972-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டப்படி நூறு வெள்ளிக்கு மாதம் இரண்டு வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஆயிரம் வெள்ளிக்கு மாதம் 20 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 120 வெள்ளி.

இரண்டாவது வழி, ஆலோங் எனப்படும் வட்டி முதலை. நூறு வெள்ளிக்கு மாதம் இருபது என்று பேசி, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 800 வெள்ளியைக் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து மாதமும் இருநூறு இருநூறாகக் கட்டினால் ஆறு மாதத்தில் வட்டி மட்டுமே 1,200 வெள்ளி. வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கிறது. கைக்கு வந்தது 800 தான் என்பதால் உண்மையான வட்டி நூற்றுக்கு இருபது அல்ல, இருபத்தைந்து.

தேவை ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஓர் இடத்தில் 120 வெள்ளி, இன்னோர் இடத்தில் 1,200 வெள்ளி. இடையில் உள்ள 1,080 வெள்ளி ஒரு குடும்பத்தின் பல வார அரிசி, பால், பள்ளிப் பேருந்துக் கட்டணம்.

அப்படியானால் ஏன் ஆலோங்கிடம் போகிறார்கள்? அவர் கேள்வி கேட்பதில்லை, தாள் கேட்பதில்லை, ஒரு மணி நேரத்தில் பணம் வருகிறது. வங்கிக்குள் நுழையவே பலருக்குக் கூச்சம். ஆகவே குறைந்த வருமானக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு வரிசை. மலிவான இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். பலரும் மிக விலை உயர்ந்த இடத்தில் தொடங்கிவிடுகிறார்கள்.

வரிசையில் முதலாவது கடனே அல்ல, உரிமை. கடன் கேட்கும் முன் வர வேண்டிய பணம் எதுவும் வராமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையிடத்தில் அடிபட்டவருக்கும் உழைக்கும் திறனை இழந்தவருக்கும் சொக்சோ இருக்கிறது. வேலை இழந்தவருக்கு 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு உரிய பலன் அது. பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி என்ற உதவி 2023 முதல் வருமானம் பார்க்காமல் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அரசாங்க மருந்தகத்தில் வெளிநோயாளியாகப் பார்க்கக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. இவை இருக்கும்போதே பள்ளிச் சட்டைக்கும் மருந்துக்கும் வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. விண்ணப்பத் தாளை நிரப்பத் தெரியவில்லை என்பதுதான் பல நேரங்களில் காரணம். பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் உட்கார வைத்து நிரப்பலாம்.

இரண்டாவது, முதலாளி தரும் முன்பணம். பலருக்கும் தெரியாத ஒரு செய்தி, 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கு வட்டி வாங்குவதைத் தடை செய்கிறது. பொதுவாக முந்திய மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பழைய தோட்டத்துக் கடன் அடிமைத்தனம் மறுபடியும் வந்துவிடக்கூடாது என்பதற்கான வேலி இது. முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஆனால் கேட்பதில் இழப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது, சேமநிதியின் மூன்றாவது கணக்கு. 2024-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் முதல் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் சந்தாவில் பத்து விழுக்காடு இந்த நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. குறைந்தது 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதற்கு வட்டி இல்லை. ஆனால் எடுத்த பணத்துக்கு இலாப ஈவும் இல்லை. இது சொந்த முதுமையிடம் வாங்கும் கடன். மருத்துவத்துக்கும் வேலைக்குப் போகும் வண்டிக்கும் எடுப்பது வேறு, புதிய கைப்பேசிக்கு எடுப்பது வேறு.

நான்காவது, நகை. தமிழர் வீட்டில் நகை என்பது அழகுக்கு மட்டும் அல்ல, அவசரத்துக்கும்தான். அடகு வைப்பது அவமானம் என்று நினைத்து ஆலோங்கிடம் போவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. அர்-ரஹ்னு எனப்படும் இஸ்லாமிய அடகு முறையில் வட்டி கிடையாது, நகையைப் பாதுகாக்கும் கூலி மட்டும் உண்டு. பொதுவாக அது அடகுக் கடை வட்டியைவிடக் குறைவு. எல்லா இனத்தவரும் அங்கே போகலாம். எங்கே வைத்தாலும் சீட்டில் எழுதியிருக்கும் தேதி முக்கியம். அடகுக் கடையில் மீட்கும் காலம் ஆறு மாதம். அதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை கைவிட்டுப் போகும். ஆயிரம் வெள்ளி அடகை ஆண்டுக் கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு 240 வெள்ளி வட்டியாகப் போகிறது. மீட்க முடியாது என்று தெரிந்துவிட்டால், மனம் வலித்தாலும் ஒரு நகையை விற்று மற்றதைக் காப்பாற்றுவது நல்லது.

ஐந்தாவது, வங்கியும் உரிமம் பெற்ற வட்டிக்கடையும். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்கள் பிணையம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, பிணையம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்ற வரம்புக்குள் நிற்க வேண்டும். மாதக் கணக்கில் நூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி அல்லது ஒன்றரை வெள்ளி. வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு கொடுத்த உரிமம் இருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் பிரதி கடன் வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். கடன் கைக்கு வரும் முன்பே ‘கட்டணம்’ என்று பணம் போடச் சொன்னால் அது மோசடி.

வங்கித் தனிநபர் கடனிலும் பாடி குஞ்சா தந்திரம் இருக்கலாம். ‘ஆண்டுக்கு எட்டு விழுக்காடு’ என்று விளம்பரம் சொல்லும். அது நிலையான விகிதம் என்றால், 5,000 வெள்ளிக்கு ஐந்து ஆண்டுகளில் வட்டி 2,000, மொத்தம் 7,000, மாதத் தவணை சுமார் 117 வெள்ளி. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல் நாள் இருந்த 5,000 வெள்ளிக்கே ஐந்து ஆண்டுகளும் போடப்படுகிறது. உண்மையில் அது சுமார் 14 விழுக்காட்டுக் கடன். நிலையான விகிதமா, குறையும் அசலுக்கான விகிதமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

கிரெடிட் கார்டும் அப்படியே. கணக்கில் 3,000 வெள்ளி நிலுவை இருந்து, வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாத வட்டி 45 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான ஐந்து விழுக்காடு, அதாவது 150 வெள்ளி கட்டினால், கடனில் கழிவது 105 வெள்ளிதான். ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ என்ற கைப்பேசிச் செயலிகள் இன்னும் எளிதாக ஏமாற்றக்கூடியவை. 40 வெள்ளி, 60 வெள்ளி என்று நான்கைந்து தவணைகள் சேரும்போதுதான் சம்பளம் காணாமல் போனது தெரியும். இத்தகைய கடன்களையும் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டியவர் வாங்குபவரே.

தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு வேறு வாசல் உண்டு. 1987-இல் அமைந்த அமானா இக்தியார் மலேசியா பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பிணையம் இல்லாமல் சிறுகடன் கொடுக்கிறது. இந்தியப் பெண்களுக்கென அதன் கீழ் ‘பெண்’ என்ற திட்டம் 2024-இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டுடன் வந்தது. தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி திட்டம் இருக்கிறது. இட்லிக் கடைக்கும் தையல் இயந்திரத்துக்கும் வாங்க வேண்டிய கடன் இது. இதை எடுத்துக் கல்யாணச் செலவு செய்தால் கடையும் இருக்காது, தவணை மட்டும் இருக்கும்.

தோட்டத்திலும் கம்பத்திலும் பழகிய கூட்டுப் பிடித்தலைப் பற்றியும் ஒரு சொல். தெரிந்தவர்கள் பத்துப் பேர் மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுப்பது பழைய பழக்கம்தான். ஆனால் அதை ஒருவர் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பணத்தோடு ஓடிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

இனி, ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் என்ன செய்வது?

முதல் வேலை, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கடன்களையும் எழுதுவது. யாருக்கு, மீதி எவ்வளவு, மாதம் எவ்வளவு, நூறு வெள்ளிக்கு என்ன வட்டி, கட்டாவிட்டால் எது போகும். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வாங்கிய கடன்கள் அந்த ஒரே பக்கத்துக்கு வர வேண்டும். பல வீடுகளில் சண்டை அங்கேதான் தொடங்கும். ஆனால் மீட்சியும் அங்கேதான் தொடங்கும்.

இரண்டாவது, வரிசைப்படுத்துவது. வீட்டு வாடகை, சாப்பாடு, தண்ணீர், மின்சாரம் முதலில். வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளின் தவணை அடுத்தது. அதன்பின் மீதியை வட்டி அதிகமான கடன் மேல் போட வேண்டும். அதிகம் திட்டுபவருக்கு முதலில் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அதிக வட்டி வாங்குபவரை முதலில் முடிப்பதே கணக்கு.

மூன்றாவது, தவணை தவறும் முன்பே பேசுவது. வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் எழுத்து அறிவிப்புக்குப் பிறகு வண்டியை எடுத்துச் செல்லலாம். அந்த 21 நாளில் பேசலாம், அதற்கு முன்பே பேசினால் இன்னும் நல்லது. வங்கிக் கடன்கள் கைமீறிப் போனால் ஏ.கே.பி.கே. இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் அது. அதன் ஆலோசகர் குடும்பக் கணக்கைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய அளவுக்குத் தவணையை மாற்றி அமைக்க உதவுவார். இதற்குக் கட்டணம் இல்லை. ‘ஏ.கே.பி.கே.யில் சேர்த்துவிடுகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பக்கூடாது.

நான்காவது, ஆலோங் வலையில் சிக்கியவர்கள். ஓர் ஆலோங்கை அடைக்க இன்னோர் ஆலோங்கிடம் போகக்கூடாது. ஏ.டி.எம். அட்டையையும் அடையாள அட்டையையும் யாரிடமும் கொடுக்கக்கூடாது. அட்டை போனால் சம்பளமே போனது. உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவருக்கு 250,000 வெள்ளி முதல் பத்து இலட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அவர் எழுதி வாங்கிய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவதும் பிள்ளைகளை மிரட்டுவதும் குற்றங்கள். போலீசில் புகார் செய்யத் தயங்கக் கூடாது. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற வெட்கத்தைத்தான் வட்டி முதலை மிகப் பெரிய பிணையமாக வைத்திருக்கிறார்.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் கடன் வாங்குவதும் ஒன்றே. அந்தக் கடனைத் தானே கட்ட முடியும், கட்டவும் தயார் என்றால் மட்டும் கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் ‘மன்னிக்கணும் அண்ணே, முடியாது’ என்று சொல்லிவிடுவது இரு குடும்பத்துக்கும் நல்லது.

நிறைவாக ஒரு வரலாறு. 1950-களின் இறுதியில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வேலையும் வீடும் இல்லாமல் வெளியேறும் நிலை. அப்போது துன் வீ.தி.சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தால் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்பது அது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்வெட்டித் தொழிலாளர்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து சிறுசிறு தவணையாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் 1961-இல் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதே கெடாவில், புக்கிட் சீடிம் தோட்டம்.

அந்தத் தொழிலாளர்களின் சம்பளம் இன்றைய சம்பளத்தைவிடப் பெரிதல்ல. கடைப் பற்று அவர்களுக்கும் இருந்தது. ஆனால் மாதாமாதம் ஒரு சிறு தொகை, வட்டியாக வெளியே ஓடாமல், பங்காக உள்ளே சேர்ந்தது. சிறு பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் ஒரு குடும்பத்தின் கதையை எழுதுகிறது.

இந்த வாரச் சம்பள நாளன்று ஒவ்வொரு வீட்டிலும் அந்த நோட்டுப் புத்தகம் திறக்கப்படட்டும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே நூறு வெள்ளிக்கு மாதம் எவ்வளவு என்று எழுதப்படட்டும். அடைந்துவிட்ட ஒவ்வொரு கடனின் தவணையிலும் பத்து வெள்ளியாவது பிள்ளையின் பெயரில் சேமிப்பாகட்டும். கடனில்லாக் கஞ்சி கால் வயிறு என்றார்கள் முன்னோர். கணக்குத் தெரிந்த வீட்டில் அந்தக் கஞ்சி முழு வயிறாகும் நாளும் வரும்.